குலை தரம் பார்க்கும் ஏஐ: பேட்டன்ட்டா, ரகசியமா?

ரேம்ப்_கேமரா, சுங்கை சிப்புட்
ஆலை ரேம்ப்பில் (குலை இறக்கும் சரிவு மேடை) லாரி கொட்டும் செம்பனைக் குலைகளைக் கேமராவில் பார்த்துத் தரம் பிரிக்கும் அமைப்பு தயார். பக்கவாட்டு வெளிச்சத்தில் பழம் உதிர்ந்த குழிகளை எண்ணும். பத்துக்குக் குறைந்தால் பழுத்த கணக்கில் சேராது. போன மாதம் ஓர் ஆலையில் டெமோ காட்டியாச்சு. பேட்டன்ட் போடலாமா, ரகசியமாக வைக்கலாமா?

கோப்பு_கிராணி
முழுசையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீங்க தம்பி. விளக்கு எந்தக் கோணத்தில், கேமரா எங்கே, குலையைத் தரப்படி பிரித்துவிடும் கதவு எப்போது திரும்புது என்பதெல்லாம் ரேம்ப்பில் நிற்கிற லாரி டிரைவருக்கே தெரியும். அதை ரகசியம்னு சொல்லிப் பயனில்லை, பேட்டன்ட்டுக்குப் போகட்டும். பயிற்சிப் படங்கள், அவற்றுக்குக் குறி போட்ட விதம், மாடலின் வெயிட்ஸ் (பயிற்சியில் அது கற்றுக்கொண்ட எண்கள்) எல்லாம் உள்ளேயே இருக்கட்டும்.

மலேசியாவின் 1983 பேட்டன்ட் சட்டத்தின் 13ஆம் பிரிவு கணித முறைகளை ஒதுக்கிவிடுது. 'நியூரல் நெட்வொர்க்கால் பழுத்த நிலையைக் கணிக்கும் முறை' என்று மொட்டையாகக் கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வாசகம்) எழுதினால் அங்கேயே மாட்டும். விளக்கு, நிழல், குழி எண்ணிக்கை, அதன்படி திரும்பும் கதவு என்று இயந்திரத்தோடு சேர்த்து எழுதுங்க. விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகும். துறை தெரிந்தவர் படித்துச் செய்துபார்க்கிற அளவுக்கு விவரமும் இருக்கணும். கோணம்தான் உயிர்நாடி என்றால் அதை மறைத்துக்கொண்டு பேட்டன்ட் கேட்க முடியாது.

தேதி_முக்கியம்
டெமோவுக்கு முன்னால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினீங்களா? விண்ணப்பத்துக்கு முன்னாலேயே வெளியே காட்டினால் புதுமை கெட்டுப்போகும். மலேசியாவில் நீங்களே வெளிப்படுத்தியதற்கு ஓராண்டு சலுகை உண்டு, அதற்குள் விண்ணப்பிக்கணும். ஐரோப்பாவில் அது கிடையாது. வெளிநாட்டில் போடுவதாக இருந்தால் 23ஏ பிரிவைப் பாருங்க: மலேசியாவில் குடியிருப்பவர் முதலில் இங்கே போட்டு இரண்டு மாதம் காத்திருக்கணும், இல்லையேல் பதிவாளரின் எழுத்துமூல அனுமதி வேணும். சின்ன முன்னேற்றம்தான் என்றால் யூட்டிலிட்டி இன்னொவேஷன் (சின்னப் பேட்டன்ட் மாதிரி) போதும். ஒரே ஒரு கிளெய்ம்தான். 10 ஆண்டு, பயன்பாட்டில் இருந்தால் இருமுறை ஐந்தைந்து ஆண்டு நீட்டிக்கலாம்.

ரேம்ப்_கேமரா
கையெழுத்து வாங்கல. வெயிட்ஸ் ரேம்ப் பெட்டியில், மெமரி கார்டில் இருக்கு. பெட்டிக்குப் பூட்டு போட்டிருக்கோம்.

பெட்டி_பூட்டு
கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகிக் காப்பி எடுக்க ஒரு தே தாரே குடிக்கிற நேரம் போதும்! மாடலை என்கிரிப்ட் பண்ணி, சாவியைத் தனி செக்யூர் சிப்பில் வையுங்க. மாடல் எவ்வளவு உறுதியாகச் சொல்லுது என்று திரையில் 0.87 மாதிரி எண் காட்டாதீங்க, தரத்தை மட்டும் காட்டுங்க. படமும் எண்ணும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் அதை வைத்தே இன்னொருவர் தன் மாடலைப் பழக்கிக்கொள்ளலாம்.

தொழில் ரகசியத்துக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை, நம்பிக்கை மீறல் வழக்குதான். தகவல் ரகசியமானது, நம்பிக்கையில் கொடுத்தது, அனுமதியில்லாமல் பயன்படுத்தினாங்க என்று மூன்றையும் நீங்கதான் காட்டணும். 'வேலையை விட்டால் போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது' என்ற ஷரத்து 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி செல்லாது. அதைவிட, யார் எந்தப் போல்டரைத் திறந்தார் என்ற லாக் உதவும். நாளைக்கு வேறொருவர் இதே முறைக்குப் பேட்டன்ட் வாங்கினாலும், அவர் போடுவதற்கு முன்பே நல்லெண்ணத்தோடு இங்கே பயன்படுத்திவந்தவருக்கு தொடர்ந்து பயன்படுத்த பேட்டன்ட் சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருது. ஆனா தேதியோட ஆதாரம் வேணும். மாடல் பைலின் ஹாஷை (பைலின் கைரேகை மாதிரியான குறியீடு) இன்றைக்கே எடுத்துத் தேதி போட்டு வையுங்க.