ஜெனரேட்டருக்குப் பெட்டி கட்டிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பட்டுக்கோட்டையிலிருந்து:

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 17 நாள் ஆனது. என்னிடம் இருந்தது கயிறு இழுத்துக் கிளப்பும் 2.1 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். காலையில் இரண்டு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் ஓட்டினேன். தண்ணீர் மோட்டார், தெருவில் பாதிப் பேரின் செல்போன் சார்ஜ் எல்லாம் அதில்தான். ஆனாலும் நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஜெனரேட்டர் சத்தம் தாங்காமல் வந்து, "தம்பி, புயலே தேவலைடா, அது ஒரு ராத்திரியோட போச்சு" என்றார். அந்தச் சொல்தான் என்னைப் பெட்டி கட்ட வைத்தது.

முதல் பெட்டி முழு முட்டாள்தனம். பிளைவுட் அடித்து, உள்ளே தெர்மோகோல் ஒட்டி, அதற்கு மேல் முட்டை அட்டை. எங்கோ படத்தில் பார்த்தது. சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைச் சற்று மட்டுப்படுத்தும், வெளியே போகும் இரைச்சலைத் தடுக்க அதற்குக் கனம் கிடையாது. இருபது நிமிடத்தில் இன்ஜின் இருமி நின்றது. திறந்தால் சைலன்சருக்கு எதிரே பலகை அப்பளம் சுட்ட மாதிரி பழுப்பேறி, தெர்மோகோல் சுருங்கி வழிந்து கிடந்தது. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் வீடே போயிருக்கும்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஜெனரேட்டர் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் சக்தி. நமக்கு மின்சாரமாக வருவது ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. மீதி ஏழும் சூடு. குளியலறை கீசர் மூன்றைப் பெட்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்துவதும் இதுவும் ஒன்று. சத்தத்தை அடைப்பது கொத்தனார் வேலை, யாரும் செய்யலாம். இந்தச் சூட்டை வெளியேற்றுவதில்தான் சூட்சுமம்.

இரண்டாவது முறை வீட்டுச் சுவரை ஒட்டாமல், கொல்லையில் தனியாக 6 அங்குல ஹாலோ பிளாக்கில் கட்டினேன். உள்ளளவு ஐந்துக்கு நான்கு அடி. மேலே கடப்பா கல். கதவுக்கு இரும்புத் தகடு, உள்பக்கம் ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) வைத்துக் கோழிவலை போட்டு இழுத்துக் கட்டியது. ராக்வூல் எரியாது, ஃபோம் எரியும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கயிறு இருக்கிற பக்கம்தான் இன்ஜின் தன் காற்றாடிக்குக் காற்றை உறிஞ்சுகிறது. ஆகவே குளிர்ந்த காற்று அங்கே கீழிருந்து வர வேண்டும், சூடு எதிர்ப்பக்கம் மேலே போக வேண்டும். இரண்டு வழியையும் நேரான ஓட்டையாக விட்டால் சத்தமும் அதே வழியில் வெளியேறும். செங்கல்லை மாற்றி மாற்றி வைத்து இரண்டு வளைவு கொடுத்தேன், உட்புறம் ராக்வூல். காற்று வளைந்து போய்விடும், சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் அடிபடும். வளைவு வைத்தால் காற்றுக்குத் தடை கூடும், அதனால் வழியைப் பெரிதாகவே விடுங்கள்.

12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனை முதலில் சூடு வெளியேறும் பக்கம் மாட்டினேன். இரண்டாம் மாதமே மோட்டார் கருகியது. இப்போது அது காற்று உள்ளே வரும் பக்கம், உள்நோக்கித் தள்ளுகிறது. ஜெனரேட்டரிலிருந்தே அதற்கு இணைப்பு. கிளப்பினால் தானாகச் சுற்றும், மறக்க வழியில்லை.

புகைக்குழாயிலும் ஒரு அடி வாங்கினேன். அரை அங்குல ஜிஐ குழாய் போட்டதில் புகை போக இடமில்லாமல் இன்ஜின் திணறியது. வெல்டிங் பட்டறையில் ஒன்றரை அங்குலத்துக்கு மாற்றி, நடுவில் வளையும் இரும்புக் குழாய்த் துண்டு வைத்தார்கள். இல்லாவிட்டால் அதிர்வில் சைலன்சர் கழுத்து விரிசல் விடும். குழாய் முனை மழை இறங்காதபடி கீழ்நோக்கி, யார் வீட்டு ஜன்னலும் இல்லாத திசையில்.

எல்லாம் முடித்துக் கயிற்றை இழுத்தால் முட்டிக்கை சுவரில்! தோல் உரிந்தது. இழுக்க மூன்றடி வேண்டும் என்பதையே மறந்திருந்தேன். கதவை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினேன்.

பெரியம்மா வீட்டு ஜன்னலில் சத்தம் அளக்கும் செல்போன் ஆப் முன்பு 78 டெசிபல் காட்டியது, இப்போது 61. ஆப் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம், வித்தியாசத்தை நம்பலாம். காதுக்குப் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

சென்னையிலிருந்து:

என் கதை சத்தத்தைப் பற்றியது இல்லை. 2016 டிசம்பர், வர்தா புயல் அடித்த இரவு. மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை மாடிப்படிக்குக் கீழே வைத்து, கேட்டுக்குத் தார்ப்பாயும் கட்டினேன். ஒரு மணி நேரத்தில் அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். பட்டினியில் பித்தம் என்று நினைத்தோம். எனக்கும் தலை கிறுகிறுத்தபோதுதான் பொறிதட்டியது. அணைத்துவிட்டு எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன், கொட்டும் மழையில். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பெட்டி கட்டுகிறவர்கள் வீட்டை ஒட்டிக் கட்டாதீர்கள், குழாய் வெளியே போகிறது என்ற தைரியத்தில் கூட.

யாழ்ப்பாணத்திலிருந்து:

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. நானும் ஜெனரேற்றரை வெளியில் எடுத்தனான். முதலில் குசினிக்குப் பின்னால் கிடுகுக் கொட்டிலுக்குள் வைச்சன். பின்னேரம் பாத்தால் கிடுகு நுனி கருகிப்போய் இருந்தது. பிறகு சீமெந்துக் கல்லால் மூன்று பக்கம் மட்டும் இடுப்பளவுக்குச் சுவர், கூரையைத் தகரத்தால் இரண்டடி உயர்த்திப் போட்டன். திறந்த பக்கம் வெறுங்காணியைப் பாத்திருக்கும். விசிறியும் இல்லை, வளைவும் இல்லை. அண்ணையின்ர பெட்டி அளவுக்குச் சத்தம் குறையாதுதான், ஆனால் எரிக்கவும் மாட்டுது, ஆளைக் கொல்லவும் மாட்டுது. காணி இருக்கிற ஆக்களுக்கு இது காணும் எண்டு நினைக்கிறன். தூரம் இரட்டிச்சால் ஆறு டெசிபல் சும்மா குறையும். அதுக்கு நீட்டு வயர் ஒண்டுதான் செலவு.

பட்டுக்கோட்டையிலிருந்து, மறுபடியும்:

நீங்கள் சொல்வது சரி. இடமிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். எங்கள் கொல்லை அகலமே பதினான்கு அடி.

ஃபேன் நின்றால் என்ன ஆகும் என்று தனியாகக் கேட்ட நண்பருக்கு: நின்றது. போன ஐப்பசியில் அணில் தேங்காய் நாரைக் கொண்டுவந்து ஃபேனுக்குள் கூடு கட்டியிருந்தது. கதவைத் தொட்டால் சுட்டதால் தப்பினேன். இப்போது காற்று வழியில் கொசுவலையைவிடப் பெரிய கண்ணுள்ள கம்பிவலை போட்டிருக்கிறேன். அணைக்கும் முன் லோடை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா ஓடவிடுகிறேன், அணைத்ததும் கதவைத் திறந்து வைக்கிறேன். சூடு ஆறும்வரை பெட்ரோல் ஊற்றுவதில்லை, கேனையும் உள்ளே வைப்பதில்லை. மெயினுக்குப் போகும் இடத்தில் ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனில் ஏறாமல் பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்சும் உண்டு, இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் உயிருக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெரியம்மா இப்போதெல்லாம் சத்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பெட்டி மேல் வடகம் காயப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கடப்பா கல் சூடு, சீக்கிரம் காயுமாம்.