மறு: 'அரேஞ்சர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் – வகுநர், வகுதி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒருவர் அமைத்த மெட்டை இன்ன கருவிக்கு, இன்ன குரலுக்கு என்று ஆக்கித் தரும் 'அரேஞ்சர்' என்பவருக்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவன் நான் என்பதால், வந்த மறுமொழிகளை எல்லாம் படித்துவிட்டுச் சேர்த்து எழுதுகிறேன். இந்தச் சொல் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதல் மடலில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நான் ஒரு சேர்ந்திசைக் குழுவில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடுகிறேன். வீடியோ கேம் இசையை மட்டும் பாடும் நிகழ்ச்சி ஒன்றுக்கு இப்போது ஒத்திகை நடக்கிறது. போன முறை இப்படிப் பாடியபோது, தமிழில் அச்சிட்ட நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு பாடலுக்கும் இசையமைத்தவர் பெயர் இருந்தது. அந்த மெட்டுகளை நான்கு குரலுக்கு எழுதித் தந்த தோழியின் பெயர் மட்டும் எங்குமே இல்லை. கேட்டதற்கு, "தமிழில் அதை எப்படிப் போடுவதென்று தெரியவில்லை, விட்டுவிட்டோம்" என்றார்கள். இரண்டு மாத உழைப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

> 'இசை உதவி' என்று போட்டால் போதாதா?

போதாது ஐயா. பழைய நின்டெண்டோ வீடியோ கேம் பெட்டியின் ஒலிச்சில்லில் மொத்தம் ஐந்து தடங்கள். ஒன்று இரைச்சலுக்கு, ஒன்று பதிவுசெய்த ஒலித்துணுக்குக்கு. மெட்டுக்கு மிஞ்சுவது மூன்றுதான். அந்த மூன்று தடத்து இசையை சோப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேல்குரல், கீழ்க்குரல்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல்குரல், கீழ்க்குரல்) என்று நான்கு குரலுக்கு ஆக்க வேண்டும். நடுக்குரல்கள் என்ன பாடும் என்பது மூலத்தில் இருக்காது. சில்லுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை, எங்களுக்கு வேண்டும். மெட்டில் சொல்லும் கிடையாது. எந்த இடத்தில் 'ஆ', எந்த இடத்தில் 'ஊ', எங்கே வாயை மூடிய முனகல் என்பதை ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது இன்னொன்று. விளையாட்டில் வரும் மெட்டுகள் பெரும்பாலும் முடிவதே இல்லை. ஆடுகிறவர் அந்தக் கட்டத்தைத் தாண்டும்வரை சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். மேடையில் அப்படிப் பாட முடியுமா? ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். சபையே அமைதியாகிப்போன அந்தக் கடைசி எட்டு அட்சரம் எந்த விளையாட்டிலும் இல்லை. என் தோழி எழுதியது. இதற்கு 'உதவி' என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

> 'இசைக்கோர்ப்பாளர்' ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் சினிமாச் செய்திகளில் பாருங்கள், 'இசைக்கோர்ப்பு' என்றால் பின்னணி இசை, ஒலிப்பதிவு, சில நேரம் இசையமைப்பு, எல்லாமேதான். ஏற்கெனவே மூன்று வேலை செய்யும் சொல்லுக்கு நான்காவதையும் கொடுத்தால், தாளைப் படிப்பவருக்கு யார் என்ன செய்தார் என்பது விளங்காது. (கோத்தலா கோர்த்தலா என்ற சண்டையை வேறு இழைக்கு விட்டுவிடுவோம்.)

ஜப்பானில் இந்தக் குழப்பமே இல்லை. மெட்டமைப்பது சாக்கியோக்கு, அதை இன்ன கருவிக்கு, இன்ன குரலுக்கு என்று ஆக்கித் தருவது ஹென்கியோக்கு. இந்த 'ஹென்' பின்னுதலுக்கும் நூல் தொகுத்தலுக்கும் வரும் எழுத்து. ஃபைனல் ஃபேன்டசி 8 (1999) விளையாட்டு தொடங்கும்போது லத்தீனில் ஒரு சேர்ந்திசை வருமே, லிபேரி ஃபத்தாலி, அதன் இசை நொபுவோ உவேமட்சு, ஹென்கியோக்கு ஷிரோ ஹமாகுச்சி. அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மொழிபெயர்ப்பையும் ஹென்கியோக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது. நம் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் இசையை இப்படி ஆக்குவதைத் 'தழுவல்' கணக்கில் சேர்க்கிறது. மொழிபெயர்த்தவர் பெயரைப் போடுகிறோம் அல்லவா?

'பாபா யேட்டு'வையும் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 2005இல் வந்த சிவிலைசேஷன் 4 விளையாட்டுக்காக கிறிஸ்டோபர் டின் அமைத்தது, சுவாஹிலி மொழியில் கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபம். வீடியோ கேம் இசைக்கு முதன்முதலாக கிராமி கிடைத்தது இதற்குத்தான், 2011இல். அதைத் தமிழில் 'சிறந்த பாடலுக்கான விருது' என்று நானே ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். தவறு. பாடுவோருக்குத் துணையாக வரும் கருவியிசையை ஆக்கிய திறமைக்கான பிரிவு அது. இசையமைத்தவரும் அவரே, ஆனால் விருது கொடுத்தது இரண்டாவது வேலைக்கு. அந்த வேலைக்குப் பெயர் இல்லாததால், விருது எதற்கென்றே என்னால் சரியாகச் சொல்ல முடியாமல் போயிற்று.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'வகு' என்ற வேரை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பரிபாடலின் ஆறாம் பாடலுக்கு அடியில் ஆசிரியன் நல்லந்துவனார் பாட்டு, மருத்துவன் நல்லச்சுதனார் இசை, பண் பாலையாழ் என்று குறிப்பு இருக்கிறது. பாட்டு எழுதியவரையும் இசை தந்தவரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் குறித்து வைத்த மரபு நமக்கு உண்டு என்று பார்க்கும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது. இந்த இசைக்காரர்களை 'இசை வகுத்தோர்' என்று சொல்வதுதான் வழக்கம்.

அக்கா ஒருவர் தனிமடலில் கேட்டார்: "அவர்கள் இன்றைய கணக்கில் இசையமைப்பாளர்கள் அல்லவா?" உண்மைதான். ஆனால் அந்த இடத்தை இன்று 'இசையமைப்பாளர்' அசைக்க முடியாதபடி பிடித்துக்கொண்டது. வகுத்தல் சும்மா இருக்கிறது. பொருளும் பொருந்துகிறது: ஒரே மெட்டை இது உனக்கு, இது உனக்கு என்று குரல்களுக்கு வகுத்துக் கொடுப்பதுதானே இந்த வேலை?

'வகுப்பு' என்று பெயர்ச்சொல் ஆக்கினால் சிக்கல். 'இசை வகுப்பு' என்றால் பாட்டு கற்கப் போகும் இடம் என்றுதான் யாரும் படிப்பார்கள். பகு பகுதி ஆகிறது, தொகு தொகுதி ஆகிறது. அதே வழியில் வகு, வகுதி. ஆளைக் குறிக்க இயக்குநர், நடத்துநர் போல வகுநர். வேண்டுமானால் முன்னால் 'இசை' சேர்த்து இசைவகுநர். சேர்ந்திசைக்கு எழுதியது நால்குரல் வகுதி, பியானோவுக்கு எழுதியது பியானோ வகுதி. ஏற்கெனவே வகுத்ததை இன்னொருவர் மாற்றினால் மறுவகுதி. வாக்கியத்தில் வினையாகவும் வரும்: "இதை ஆறு குரலுக்கு வகுத்தவர் யார்?" அரேஞ்சர் என்றே எழுதலாம் என்ற நண்பருக்கும் இதுதான் என் பதில். அரேஞ்சரை வைத்துக்கொண்டு இப்படி வினை பண்ண முடியாது, 'அரேஞ்ச் பண்ணியவர்' என்றுதான் இழுக்க வேண்டும்.

ஒத்திகையில் இரண்டு வாரமாகச் சொல்லிப் பார்க்கிறேன். "பேஸுக்கு வகுதியில் இரண்டாம் பக்கம் பிழை இருக்கிறது" என்று நேற்று ஆல்ட்டோ வரிசையிலிருந்து ஒருவர் இயல்பாகச் சொன்னார். எனக்கு அதுவே போதும்.

தாளில் இப்படி வரும்:

இசை: நொபுவோ உவேமட்சு
மூல வகுநர்: ஷிரோ ஹமாகுச்சி
நால்குரல் வகுதி: (இங்கே என் தோழியின் பெயர்)

மூன்று வரியும் ஒரே எழுத்தளவில். ஒரே மெட்டைக் கருவிக்குக் கருவி பிரித்து எழுதும் வாத்தியப் பகிர்வுக்குத் தனிச்சொல் வேண்டுமா, வகுதியே போதுமா என்பதில் நான் இன்னும் தெளிவாக இல்லை. அதைப் பற்றி இசை படித்தவர்கள் எழுதுங்கள். தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'வகுநர்' மேல் யாருக்காவது வலுவான மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்