புதுப்பிப்பு: 'இந்த டிஸ்க்கில் விண்டோஸ் நிறுவ முடியாது' பிழை தீர்ந்தது

பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் சி பார்ட்டிஷனை ஃபார்மட் செய்த பிறகும் விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பார்ட்டிஷன் அட்டவணைதான், அதாவது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பதிவு. ஃபார்மட் அதைத் தொடுவதில்லை. டிஸ்க் எம்பிஆர் (பழைய வகை அட்டவணை) ஆகவே இருந்தது. யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய தொடக்க முறை) முறையில் பூட் ஆன நிறுவலுக்கு ஜிபிடி (புதிய வகை அட்டவணை) வேண்டும்.

முதலில் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள். நிறுவல் திரையில் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தி, வரும் கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் (டிஸ்க்கைப் பிரிக்கும் கருவி) திறந்து, லிஸ்ட் டிஸ்க் கொடுங்கள். 1 டிபி என்பது அங்கே 931 ஜிபி என்று தெரியும். அளவைப் பார்த்து எண்ணை உறுதி செய்யுங்கள். பிறகு வரிசையாக செலக்ட் டிஸ்க் 0 (உங்கள் எண்), கிளீன், கன்வெர்ட் ஜிபிடி. கிளீன் 'அழிக்கவா?' என்று கேட்காது, எல்லா பார்ட்டிஷன்களையும் உடனே அழித்துவிடும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

கணினியைப் பிறருக்குக் கொடுப்பதானால் கிளீன் போதாது. அது அட்டவணையைத்தான் அழிக்கிறது, கோப்புகளை மீட்டுவிடலாம். கிளீன் ஆல் கட்டளை ஒவ்வொரு செக்டரிலும் (டிஸ்க்கின் சிறு பகுதி) பூஜ்யம் எழுதும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 1 டிபிக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். திரையில் எந்த அசைவும் இருக்காது, உறைந்துவிட்டதென நிறுத்திவிடாதீர்கள். எஸ்எஸ்டிக்கு இது சரியான வழியல்ல, கண்ட்ரோலர் (எஸ்எஸ்டியை இயக்கும் சிப்) ஒதுக்கி வைத்த பகுதிகளை எட்டாது. பயாஸிலோ தயாரிப்பாளரின் மென்பொருளிலோ உள்ள செக்யூர் எரேஸ் (முழுதாக அழிக்கும் வசதி) தான் அதற்கு.

முதல் ரீஸ்டார்ட்டில் நிறுவல் மறுபடி தொடக்கத்துக்கே வந்தால், யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகிறது. அதைக் கழற்றிவிட்டுத் தொடருங்கள்.