கேஸ் ஃபிரிட்ஜை அணைக்காமல் பெட்ரோல் போட்ட கதை

போன கோடையில் படுக்கை, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நியூ ஜெர்சியிலிருந்து வட கரோலைனா கடற்கரைக்குக் கிளம்பினோம். ஃபிரிட்ஜில் தோசை மாவு, தயிர். முந்தின இரவு ஃபிரிட்ஜைப் புரொப்பேன் கேஸில் போட்டதை அப்படியே விட்டுவிட்டு ஓட்டினேன். வேனைக் கொடுத்தவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கேப் சார்ல்ஸ் தாண்டியதும் செசபீக் விரிகுடாப் பாலம்-சுரங்கம். ஏறத்தாழ 28 கிலோமீட்டர். இரண்டு இடங்களில் சாலை கடலுக்கடியில் சுரங்கமாக இறங்கும். "புரொப்பேனை மூடியாச்சா?" என்று சுங்கச்சாவடியில் கேட்டார்கள். ஓரங்கட்டி, வேனின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். விரல்நுனி அளவு நீலச் சுடர், சத்தமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. இந்த ஃபிரிட்ஜுக்கு கம்ப்ரஸர் கிடையாது. அந்தச் சூட்டில்தான் உள்ளே அம்மோனியா சுற்றிவந்து குளிர வைக்கிறது.

சுரங்கத்தை விடுங்கள். அரை மணி நேரம் முன்பு இதே சுடரோடுதான் பெட்ரோல் போட்டிருக்கிறேன்! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். பர்னரோ முழங்கால் உயரத்தில். காற்றில் அணைந்தாலும் தானே பொறி தட்டிப் பற்றவைத்துக்கொள்ளும் வசதி வேறு. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

சிலிண்டர் வால்வையே மூடிவிட்டுப் புறப்பட்டோம். தயிர் புளித்துவிடும் என்று மனைவிக்குக் கவலை. நான்கு மணி நேரம் கதவைத் திறக்கவே இல்லை. தயிர் டப்பா சில்லென்றுதான் இருந்தது.

⁕

உங்கள் கதையைப் படித்தேன். நான் ஓட்டும்போது ஃபிரிட்ஜை கேஸிலிருந்து வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுவேன். ஆனால் அதிலும் ஒரு வம்பு இருக்கிறது, அண்ணா. ஒருமுறை சாப்பிட நிறுத்தியபோது ஸ்விட்சைத் திருப்ப மறந்துவிட்டேன். பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும் சாமான் அது. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' மட்டும்தான். பக்கத்து லாரிக்காரர் கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டார்.

⁕

நானும் உங்கள் கதையைப் படித்தேன். ஓட்டும்போது கேஸ் திறந்திருந்தாலும் பயமில்லை, "குழாய் உடைந்தால் சிலிண்டர் வால்வு தானே அடைத்துக்கொள்ளும்" என்று எனக்கு ஒருவர் தைரியம் சொன்னார். முழுதாக அறுந்து வாயு பீய்ச்சினால் அடைக்கும், சரி. என் வேனில் ரப்பர் குழாய் உரசி உரசி ஊசித்துளை அளவுதான் ஓட்டை. வால்வுக்கு அது அடுப்பு எரிகிற மாதிரிதான் தெரியும். சோப்பு நுரை தடவியபோதுதான் குமிழ் வந்தது. அதிலிருந்து, மூட மறந்து கிளம்பிவிடாமல் இருக்க, வண்டிச் சாவியை சிலிண்டர் வால்விலேயே மாட்டிவைக்கிறேன்.