முதல் பாகத்து நாயகன் இல்லாத இரண்டாம் பாகத்தை யார் பார்க்கிறார்கள்?

பென்னாகரம் கராத்தே மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வகுப்பு முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டர் வீட்டு மொட்டை மாடியில் பழைய சண்டைப் படங்களைப் பார்ப்பது வழக்கம். அண்மையில் 'கிக்பாக்சர்' இரண்டாம் பாகத்தைப் பார்த்தோம். 1989-இல் வந்த முதல் பாகத்தில் ஜீன் கிளாட் வான் டாம் நடித்த கர்ட் ஸ்லோனையும் அவனுடைய அண்ணனையும் வில்லன் டாங் போ கொன்றுவிட்டான் என்று சொல்லிவிட்டு, 1991-இல் வந்த இரண்டாம் பாகம் அதுவரை பேச்சிலேயே அடிபடாத மூன்றாவது சகோதரன் ஒருவனை நாயகனாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பையன்கள் சிரித்தார்களே தவிர, கடைசிச் சண்டை முடியும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. நாயகனும் மாறி, செலவும் சுருங்கிய இத்தகைய தொடர்ச்சிகளை ஏன் எடுத்தார்கள், யாரை நம்பி எடுத்தார்கள் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கிருஷ்ணகிரி கேசட் கடைக்காரர்:

தம்பி, ஒருவரும் எழுந்து போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. தொண்ணூறுகளில் நான் கிருஷ்ணகிரியில் வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுத்துவந்தேன். மாங்காய் சீசனில் மண்டி வேலையை முடித்துவிட்டு டெக்கும் டிவியும் சேர்த்து எடுத்துப்போக வருகிறவர்கள் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது அரிது. "நிஞ்சா படம் இருக்கா, பேச்சு கம்மியா இருக்கணும்" என்றுதான் கேட்பார்கள். உறையில் முகமூடியும் கத்தியும் இருந்தால் போதும். நடித்தவர் யார் என்ற பேச்சு வாடகையைக் கொடுத்த பிறகுதான் எழும். திரும்பி வரும் கேசட்டில் சண்டை வருகிற இடங்களில் மட்டும் நாடா தேய்ந்து படத்தில் கோடு விழுந்திருக்கும். எந்தச் சண்டையைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள் என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

படம் எடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மெனகெம் கோலனும் யோரம் குளோபஸும் நடத்திய கேனன் என்ற படத்தயாரிப்பு நிறுவனம், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே சுவரொட்டியை மட்டும் காட்டி, கான் திரைப்படச் சந்தையில் நாடு நாடாக உரிமையை விற்றுப் பணம் திரட்டுவதில் பேர்போனது. ஏற்கெனவே ஓடிய படத்தின் பெயர் கையில் இருந்தால் விற்பனை பாதி முடிந்த மாதிரி. ஆகவே நடிகர் ஊதியத்தை உயர்த்திக் கேட்டாலோ, பெரிய படங்களுக்குப் போய்விட்டாலோ, பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றிவிடுவார்கள். அவர்களுடைய 'அமெரிக்கன் நிஞ்சா' 1985-இல் பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டு வந்தது; 1987-இல் வந்த இரண்டாம் பாகத்துக்குத் தென்னாப்பிரிக்கா போனார்கள்; 1989-இல் வந்த மூன்றாம் பாகத்தில் முதல் இரண்டு பாகங்களின் நாயகன் மைக்கேல் டுடிகாஃப் இருந்த இடத்துக்கு டேவிட் பிராட்லி வந்தார். நான்காம் பாகத்தில் இருவரையும் சேர்த்தே நிறுத்தியது தனி வேடிக்கை. பேச்சு குறைந்த படம் என்பதால் மணிலாவிலும் விலைபோகும், மண்டித் தெருவிலும் விலைபோகும்.

ஓசூர் பயிற்சியாளர்:

கேசட் கடை ஐயா சொன்ன வணிகக் கணக்கு சரிதான். ஆனால் அதை மட்டும் வைத்துப் பார்த்தால், பணம் குறைந்த தொடர்ச்சி சில நேரங்களில் முதல் பாகத்தையே மிஞ்சிவிடுவது ஏன் என்பது விளங்காது. 'அன்டிஸ்ப்யூட்டட்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் வால்டர் ஹில் இயக்கத்தில் வெஸ்லி ஸ்னைப்ஸும் விங் ரேம்ஸும் நடித்த முதல் படம், சிறைக்குள் நடக்கும் குத்துச்சண்டைக் கதை. திரையரங்குக்கு வந்த படம். 2006-இல் ஐசக் ஃப்ளோரன்டைன் பல்கேரியாவில் எடுத்த இரண்டாம் பாகமோ டிவிடிக்கென்றே எடுக்கப்பட்டது. ரேம்ஸ் செய்த பாத்திரம் மைக்கேல் ஜெய் வைட்டிடம் போயிற்று. குத்துச்சண்டைக்குப் பதிலாக உதை, பிடி, கைகால் மூட்டை மடக்கும் பூட்டு எல்லாம் கலந்த சண்டை வந்தது. எதிராளியான யூரி பாய்கா என்ற ரஷ்யக் கைதியாக ஸ்காட் அட்கின்ஸ் நடித்தார். ரசிகர்கள் கொண்டாடியது அந்த எதிராளியைத்தான். அதனால் 2010-இல் வந்த மூன்றாம் பாகத்தில் அவரே நாயகனாகிவிட்டார்.

நட்சத்திரத்துக்குச் சண்டை தெரியாத பெரிய படங்களில், ஒரு குத்து விழுவதற்குள் மூன்று முறை வெட்டி, கேமராவை ஆட்டி, டூப்பின் முதுகைக் காட்டிச் சமாளிக்கிறார்கள். வைட்டும் அட்கின்ஸும் இளமையிலேயே முறையாகப் பயின்றவர்கள். இயக்குநரும் தற்காப்புக்கலை கற்றவர். எனவே கேமரா தள்ளி நின்று, தலைமுதல் கால்வரை முழு உடலையும் காட்டத் துணிகிறது. பாய்கா எழும்பிச் சுழன்று உதைக்கும்போது எந்தக் காலை ஊன்றி எழும்பினார், இடுப்பு எப்போது திரும்பியது, எந்தக் காலில் இறங்கினார் என்பதையெல்லாம் பயிற்சி பெறும் மாணவர் ஒருவரால் தெளிவாகப் பார்க்க முடியும். சிறை என்ற களமும் சிக்கனத்துக்கு வசதியானது. அதே சுவர், அதே உடை, அதே சண்டை மேடை. காரும் ஹெலிகாப்டரும் தேவையில்லை. மிச்சமாகும் பணத்தையும் நாள்களையும் சண்டைக்கே கொடுக்கலாம்.

அரூர் வாசகி:

எல்லோரும் சண்டையை மட்டுமே பேசுகிறீர்கள். 'கிக்பாக்சர்' படத்தின் டாங் போ ஒரு தாய்லாந்து வீரன். ஆனால் அந்த வேடத்தில் நடித்த மிஷெல் கிஸ்ஸி, மொராக்கோவில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர், வான் டாமின் நெடுநாள் நண்பர். ஒப்பனை போட்டு அவரைத் தாய்லாந்துக்காரராக்கிவிட்டார்கள். முய் தாய் என்ற தாய்லாந்துச் சண்டைக்கலை பிறந்த நாட்டுக்கே போய்ப் படம் எடுத்துவிட்டு, அந்த நாட்டு வீரனை மிருகமாகக் காட்டுவது என்ன நியாயம்? அடி நன்றாக விழுகிறது என்பதற்காக இதைப் பேசாமல் விட எனக்கு மனமில்லை.

பணம் குறைந்தால்தான் சண்டை சிறக்கும் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. 2003-இல் வந்த 'ஓங் பாக்' என்ற தாய்லாந்துப் படத்தில் ஆளைத் தூக்கும் கம்பியும் கணினி வரைகலையும் இல்லாமல் சண்டையிட்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் அந்நாட்டு நடிகர் டோனி ஜா. 2008-இல் வந்த இரண்டாம் பாகத்துக்குச் செலவு கூடியது, கதையோ முதல் பாகத்தோடு ஒட்டாமல் சில நூற்றாண்டுகள் பின்னால் போய்விட்டது, முடிவும் அந்தரத்தில் நின்று 2010-இல் வந்த மூன்றாம் பாகத்துக்கு மிஞ்சியது. ஆனாலும் வாளிலிருந்து கயிறு வரை ஆயுதம் மாற்றி மாற்றி அவர் போடும் சண்டையைக் குறை சொல்ல முடியாது. நானும் என் அக்காவும் இந்தப் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கிறவர்கள். ரசிகர்கள் என்றால் பையன்கள் மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஓசூர் பயிற்சியாளர்:

சகோதரி, டாங் போ பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பணத்தைப் பொறுத்தவரை நான் சொல்வது இவ்வளவுதான்: பெரிய நட்சத்திரத்துக்குக் கொடுக்கப் பணமில்லாத தயாரிப்பாளர், சண்டை தெரிந்த, பேர் தெரியாத ஒருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நமக்கு ஆதாயம் அங்கேதான். டோனி ஜாவும் அப்படிக் கிடைத்தவரே; புகழ் பெற்ற பிறகும் அவருடைய உடம்பு அதே உடம்புதானே.

பென்னாகரம் கராத்தே மாணவன்:

அனைவருக்கும் நன்றி. 'அன்டிஸ்ப்யூட்டட்' வரிசையை எங்கள் வகுப்புக்குப் போடலாமா? போடுவதானால் முதல் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

ஓசூர் பயிற்சியாளர்:

முதல் படத்தைப் பார்க்காவிட்டாலும் இரண்டாம் பாகம் புரியும். ஆனால் இரண்டைப் பார்க்காமல் மூன்றுக்குப் போகாதீர்கள். இரண்டாம் பாகத்தின் கடைசிச் சண்டையில் பாய்காவின் முழங்கால் உடைகிறது. மூன்றாம் பாகம் முழுக்க அந்தக் காலை வைத்தே நகர்கிறது. காயம்பட்ட காலுக்குப் பாரம் போகாமல் அட்கின்ஸ் எப்படி நிற்கிறார், எப்படி நடக்கிறார் என்பதை மூத்த மாணவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ரத்தமும் கெட்ட வார்த்தையும் மிகுந்த படங்கள் என்பதால் சிறுவர்களை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. அவர்களுக்கு ஜாக்கி சான் படம் ஒன்றைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.