மறு: 'பம்ப்' என்பதற்குத் 'திரிதூண்டல்' சரியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இணைய மன்றங்களில் பழைய திரி (ஒரே தலைப்பில் தொடரும் உரையாடல், thread) ஒன்றில் யாராவது மறுமொழி இட்டதும் அது பட்டியலின் உச்சிக்கு வந்துவிடுகிறதே, ஆங்கிலத்தில் bump என்கிறார்கள், அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'பம்ப்' என்றே தமிழில் எழுதினால் தண்ணீர் இறைக்கும் பம்ப்தான் முதலில் நினைவுக்கு வரும்.

> 'மேலேற்றல்' போதுமே?

'பதிவேற்றல்' அருகில் வந்தால் குழம்பும். அதோடு, திரி மேலே போவது மட்டுமா நடக்கிறது? என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருக்கிறது. அதன் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. பாதரசம் நச்சு என்பதால் அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் அளவீடு பிசகுகிறது. முகநூல் குழு ஒன்றில் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் இருபது பதில்கள், பாதி 'அல்கலைனே போதும்' என்றன. இரண்டே நாளில் இடுகை ஓடையோடு போய்விட்டது. அடுத்த வாரம் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டார்.

அப்புறம் ஒரு கேமரா மன்றத்தில் பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய திரி கிடைத்தது. காது கேட்கும் கருவியில் போடும் 675 வகை துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட் தரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். விட்டம் சிறியது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள் என்று இரண்டாண்டு கழித்து இன்னொருவர். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்று புகுந்து வேலை தொடங்கிவிடும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும் என்று அதற்கும் பின்னால் மூன்றாமவர். நான் என் கேமராவின் அளவீட்டைச் சேர்த்தேன். திரி மேலே வந்தது. மறுநாள் திரியைத் தொடங்கியவரே வந்து பதில் சொன்னார்!

இதற்கான வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. விளக்கு மங்கும்போது நுனியைச் சற்றுத் தள்ளிவிட்டுச் சுடரைக் கூட்டுகிறோமே, அதுதான் திரியைத் தூண்டுவது. தமிழ் மன்றங்களும் நெடுநாளாகத் 'திரி' என்றே வழங்கிவருகின்றன. ஆகவே 'திரிதூண்டல்' என் முன்மொழிவு. 'இழை' என்பதும் நல்ல சொல்தான், ஆனால் தூண்டுவது அதனோடு ஒட்டாது.

> 'தூண்டல்' இயற்பியலில் இருக்கிறதே?

ஆம், மின்காந்தத் தூண்டல் உண்டு. முன்னால் 'திரி' நிற்கும்போது யாரும் மயங்கமாட்டார்கள்.

> முகநூலிலும் பின்னூட்டம் வந்தால் பழைய இடுகை மேலே வருகிறது. அங்கேயும் இதே சொல்லா?

வேண்டாம் என்பேன். இந்த வேறுபாடு எனக்கு முக்கியம். வழக்கமான மன்றத்தில் விதி ஒன்றுதான்: கடைசி மறுமொழியின் நேரம். எல்லோருக்கும் ஒரே வரிசை தெரியும். சமூக ஊடகத்திலோ யார் கண்ணில் எது படவேண்டும் என்பதை அல்காரிதம் முடிவு செய்கிறது. இன்ஸ்டாகிராம்கூட 2016இல் நேரவரிசையைக் கைவிட்டது. எட்டு ஆண்டு கழித்து நான் சேர்க்கும் ஒரு வரி, முன்பு எழுதிய மூவருக்கும் போய்ச் சேருமா என்பதற்கு அங்கே உறுதியில்லை. அங்கே பழைய இடுகை மீண்டும் மேலே வருவதை 'மீள்வரவு' என்று தனியாகக் குறிக்கலாம்.

புதிதாக ஒன்றும் சொல்லாமல் 'மேலே' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதைப் பல மன்றங்கள் தடுக்கின்றன. அதற்கு 'வெறுந்தூண்டல்' பொருந்தும். நிர்வாகி உச்சியிலேயே நிறுத்திவைக்கும் திரியைத் 'தூண்டாத்திரி' எனலாம். 'தூண்டா விளக்கு' நம் வழக்கில் உள்ளதுதானே.

சந்தி பற்றி ஒரு சொல். 'திரிதூண்டல்' இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது. 'தூண்டாத்திரி' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், மிகும். இலக்கணம் அறிந்தவர்கள் சரிபார்த்துச் சொன்னால் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.