மெரினா குதிரைக்காரர்களுக்கு ஒரு கால்நடை மருத்துவர் தேவை

வணக்கம். மெரினாவில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஞாயிறு காலை உடல்நல வகுப்பு நடத்த நினைக்கிறோம். குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் யாராவது வர முடியுமா? வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்தவர்கள் இங்கே இருப்பீர்களே!

முக்கியமாகப் பேச வேண்டியது வயிற்றுவலி. தீவனத்தை மணலில் போட்டால் மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் தங்கிவிடும். குதிரைக்கு வாந்தியும் வராது. லத்தியைத் தண்ணீரில் கரைத்து, அடியில் மணல் படிகிறதா என்று கண்முன் காட்டினால் நம்புவார்கள். துண்டறிக்கையெல்லாம் வேண்டாம், யாரும் படிப்பதில்லை. குதிரை புரண்டு புரண்டு படுத்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதும் புரிய வேண்டும்.

அப்புறம் டெட்டனஸ் ஊசி. ஆணி குத்திய சின்னக் குளம்புக் காயமே குதிரையின் உயிரை எடுத்துவிடும். லாடம் அடிப்பவர் ஒருவரும் கூட வந்தால் ரொம்ப நல்லது. போக்குவரத்துச் செலவு எங்களுடையது. எந்த ஞாயிறு தோதுப்படும் என்று சொல்லுங்கள்.